ஏழு நாற்பது வண்டி ஏழு நாற்பதுக்கே போனது பற்றி

அன்பு மைத்துனன் ஸ்ரீராம்குமாருக்கு,

சங்கரன்கோவிலிலிருந்து உன் அத்தான் சிவசுப்பிரமணியன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காள் ஆனந்தவல்லியும் கோமதியம்மன் புண்ணியத்தில் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நீ போனில் போடும் படங்களைப் பார்த்து நாங்களே தெரிந்துகொள்கிறோம். உன் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் என்னை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததை நான் அடியோடு மறந்துவிட்டேன் என்பதையும் இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அத்தான்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் ஒன்றுதான். தென்காசியில் உன் முதலாளியின் பஸ்களுக்கு எந்த டிரைவர் எந்த ரூட் என்று எழுதுபவன் நீ. டிரைவர் வெள்ளத்துரையைப் பழையபடி எங்கள் சிவகிரி வண்டிக்கே உடனே அனுப்பு. அவனை மாற்றச் சொல்லி மனு எழுதியதே நீங்கள்தானே என்று கேட்காதே. நான்தான். உன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் போடச் சொன்னேன், செய்யவில்லை. என் மகள் மீனலோசினிக்கு ஹாஸ்டலில் இடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன், செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை நீ அப்படியே செய்தது இந்த ஒரு தடவைதான், அதுவும் மறுவாரமே.

மனுவில் நான் இங்கிலீஷில் எழுதியது எதுவும் பொய்யில்லை. ஏழு நாற்பது வண்டியை வெள்ளத்துரை எட்டு மணிக்கு முன் எடுத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. பூக்கார முப்பிடாதியம்மாளின் கூடை மார்க்கெட்டிலிருந்து வரவேண்டும்; சுடலைமணி தறிக்கூடத்துச் சேலைக் கட்டுகளை ஏற்றி முடிக்கவேண்டும்; அதற்குள் யாராவது படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்று "ஒரு நிமிசம், எங்க அத்தை பின்னால வாரா" என்பார்கள்; அந்த அத்தை வந்து, அவள் வீட்டில் மறந்த மூக்குக் கண்ணாடி வந்து, ஒருவழியாக வண்டி நகர்ந்தால் ஊர் எல்லையில் ஆட்டு மந்தை நிற்கும்; ஹாரன் அடித்தால் ஆடு மிரளும் என்று இவன் அடிக்கமாட்டான். நான் சிவகிரி ஆபீசுக்குள் நுழையும்போது ஆனந்தி மேடம், நான் வேலை சொல்லிக்கொடுத்து இன்று எனக்கே மேலதிகாரியாக இருக்கிற பெண், முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், "வாங்க சார்" என்பாள். திட்டினால் சண்டை போடலாம். மரியாதைக்கு என்ன பதில் சொல்வது?

நீ அனுப்பிய புது டிரைவர் விக்னேஷ்வரன் வந்தான். முதல் நாள் ஏழு நாற்பது வண்டியை ஏழு நாற்பதுக்கே எடுத்துவிட்டான். இப்படி ஒரு காரியம் நடக்கக்கூடும் என்று ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான், நான் அப்போது சவரம் பண்ணிக்கொண்டிருந்தேன். ஹாரன் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதைக் கேட்டு, ஒரு கன்னத்தில் சோப்போடு ஓடினேன். பஸ் ஸ்டாண்டில் வண்டி இல்லை, வண்டியில் இருக்கவேண்டிய ஜனம் மொத்தமும் இருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதியம்மாள், கூடையை என் காலடியில் வைத்து. "நீங்கதான மனு போட்டிய? இவ்வளவு பூவையும் நீங்களே தலையில வச்சுக்கிட்டு ஆபீசுக்கு நடந்து போங்க."

"அவரை ஏம்மா வையுத?" என்றான் சுடலைமணி. "ஏ வே, நீரு எழுதுன இங்கிலீசைப் பாத்துப் பஸ்ஸே பயந்து ஓடிட்டு. அந்தக் கன்னத்தையாவது தொடையும், சோப்பு காயுது."

மறுநாள் நான் விடியுமுன் எழுந்தேன். "மனு எழுத ராத்திரி பூரா முழிச்சிருந்திய. பஸ்ஸுக்கு ஒரு நா முழிச்சா என்ன?" என்று வேகாத இட்லியை வைத்தாள் உன் அக்காள். வண்டியில் ஏறியது நான் ஒருவன்தான். வழியெல்லாம் ஜனங்கள் கையைக் காட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் தெரிந்தது ஜன்னலோரம் இருந்த என் முகம். ராயகிரியில் ஓடி வந்து தவறவிட்டவர்களில் எங்கள் ஆபீஸ் உதவியாளர் துரைப்பாண்டியும் ஒருவர். ஆபீஸ் சாவி அவரிடம். பணியில் சேர்ந்த நாளிலிருந்து முதல்முறையாக நேரத்துக்குப் போய்ப் பூட்டிய கதவுக்கு முன் நின்றேன். ஸ்கூட்டரில் வந்த ஆனந்தி மேடம் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உங்க மனு நல்லா வேலை செய்யுது சார்" என்றாள்.

ஊர் திருந்திவிடும் என்று நினைக்காதே. எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசிவிட்டார்கள். அது எல்லோருக்காகவும் நின்று எட்டு மணிக்குப் புறப்படுகிறது. முன்பு சுடலைமணி ஜன்னல் வழியே துண்டை வீசி எனக்கு இடம் பிடிப்பான். இப்போதும் வீசுகிறான்; நான் போய் உட்காரப் போனால் "அது துரைப்பாண்டிக்கு. நீரு பஸ்ஸுல போகும்வே, டயத்துக்குப் போவுது" என்கிறான். வேன் முழுக்கச் சிரிக்கிறது. நான் காலி பஸ்ஸில் ஏறி, விக்னேஷ்வரனின் பிடரியைப் பார்த்துக்கொண்டு போகிறேன். அவன் பேசமாட்டான். பேசினால் நேரமாகிவிடும்.

இதையும் பொறுத்திருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலில் வெள்ளத்துரையின் மனைவி பொன்மணி எதிரே வந்தாள். "அவுகளை மெட்ராஸ் போற ராத்திரி வண்டில போட்டுட்டாக அண்ணாச்சி. வீட்டுக்கு வாற அன்னைக்கும் பகல் பூரா உறக்கம். எம்பிள்ளை அப்பாவை உறங்கையிலதான் பாக்கு. மனுப் போட்டது யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, நாலு வார்த்தை கேக்கணும்" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். திரும்பிப் போகும்போது அவள் சிரித்த மாதிரி இருந்தது. நேராகத் திட்டித் தொலைத்திருக்கலாம்.

ஆகவே அவனை அனுப்பு. இது இரக்கம் என்று நினைத்துவிடாதே. என் மனு சரியானது. அதை நிறைவேற்றியதுதான் தவறு, அது உன் தவறு. வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உனக்கு உண்டானதை வெள்ளத்துரை வந்து சேர்ந்த பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சிவசுப்பிரமணியன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் வெள்ளத்துரையே வந்து வாசலில் நிற்கிறான். காலி வண்டி நேரத்துக்குப் போய் என்ன பிரயோஜனம் என்று உன் முதலாளியே நாளை முதல் பழைய ரூட்டைக் கொடுத்துவிட்டாராம். உத்தரவில் கையெழுத்து உன்னுடையதாம். எனக்கு ஒரு போன் செய்ய உனக்கு மனம் வரவில்லை. மனுவைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. உன் அக்காள் கொடுத்த காபியைக் குடித்தான். போகும்போது, "நாளைக்கு நாந்தான் வண்டி எடுக்கேன் அண்ணாச்சி. சவரத்தைப் பாதியில விட்டுட்டு ஓடி வராதிய. நிப்பேன்" என்றான். எனவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாகவே வைத்துக்கொள். ஆனால் இன்னொரு மனுவும் எழுதி மேஜைமேல் வைத்திருக்கிறேன். நாளை நான் போய்ச் சேருவதற்குள் அவன் வண்டியை எடுத்துவிட்டால், உனக்கு உடனே வரும்.