வருஷத்தில் ஒரு நாள் தனிக்கட்டை

இந்தக் காலத்து ஆபீஸ்காரர்கள் கதவைத் தட்டிவிட்டுச் சிரிக்கிறார்கள். வெய்க்கோவுக்கு அதுதான் பிடிக்காது. முன்பெல்லாம் அரசாங்கத்து ஆள் வந்தால் மூஞ்சியை உம்மென்று வைத்திருப்பான். எதைப் பிடுங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று அந்த மூஞ்சியிலேயே தெரியும். இப்போது வருகிறவர்கள் "எப்படி இருக்கீங்க, கால் வலி தேவலையா?" என்று விசாரித்துக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணை ஓட்டுகிறார்கள். சிரிக்கிற ஆளை என்னவென்று நம்புவது?

அப்படிச் சிரிக்கிற ஒருத்தி இன்றைக்குப் பத்து மணிக்கு வருகிறாள். வருஷத்துக்கு ஒரு தரம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிற பெண். பெயர் ஹெதர்.

மணி இப்போது எட்டேகால். வெய்க்கோ ஹாபலா, வயசு அறுபத்திரண்டு, உயரம் ஆறடி, குளியலறைத் தரையில் இடது காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீர் போகிற துளைக்குள் கம்பியை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கம்பியில் சுற்றிக்கொண்டு வந்தது ஒரு நீளமான வெள்ளி நிற முடி.

"வந்துட்டான் பாரு சாட்சி," என்றார் பூனையிடம்.

வெய்க்கோவின் தலை வழுக்கையாகி இருபது வருஷம் ஆகிறது. அந்த முடி ஸ்டெஃபாவுடையது.

காட்டில் மரம் வெட்டும்போது ஒன்று உருண்டு வந்து அவர் காலை நசுக்கியது. அதிலிருந்து அரசாங்கத்தின் உதவித்தொகை, மருந்துக்கு ஓர் அட்டை, கனடாவின் தண்டர் பே ஊரில் குறைந்த வாடகைக்கு இந்த மூன்றாம் மாடி வீடு. சட்டத்தை எதிர் வீட்டு கார்டி எடுத்துச் சொல்லியிருந்தார். ஒரு பொம்பளை மூன்று மாதம் உன்னோடு ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஆபீஸைப் பொறுத்தவரை அவள் உன் பெண்டாட்டி. அவள் சம்பளத்தையும் உன் கணக்கில் சேர்ப்பார்கள். உதவித்தொகை குறையும், வாடகை ஏறும். மறைத்தது தெரிந்தால் வீடே போய்விடும்.

ஸ்டெஃபாவுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊருக்குச் சொல்லும்படி அவள் குடியிருப்பது எதிர்த் தெருவில், அக்கா நாடியா வீட்டில். அக்கா வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாரம் தங்க இங்கே வந்தாள். பெயிண்ட் எப்போதோ காய்ந்துவிட்டது.

அவள் வருவதற்கு முன்னால் வெய்க்கோ டப்பாவைத் திறந்து, அடுப்புக்கு முன்னால் நின்றபடியே கரண்டியால் தின்றுவிட்டுப் படுக்கிற ஆள். மறுபடி அப்படி நின்றுகொண்டு தின்ன அவருக்கு மனசில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, பூனையிடம்கூட.

ஆபீஸ் கடிதங்களை அவர் பிரிப்பதும் இல்லை. வந்த உறையை வந்தபடியே பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பொழுது போய்விடும், படித்தால் தூக்கம் போய்விடும். வருஷா வருஷம் வருகிற படிவத்தை மட்டும் ஸ்டெஃபா நிரப்புவாள். அவள் விரல் வைத்த இடத்தில் இவர் கையெழுத்துப் போடுவார். பூமியில் அவர் நம்பிய ஒரே ஆள் அவள்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் உதவித்தொகையில் திடீரென்று ஒரு துண்டை வெட்டினார்கள். "திருட்டுப் பசங்க!" என்று ஒரு வாரம் கத்தினார். "விடு மனுஷா, மளிகையும் மத்ததும் இனிமே என் பாடு," என்றாள் ஸ்டெஃபா. தங்கமான பொம்பளை.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. சர்ச் விற்பனைக்கு பெரோகி செய்யப் போயிருக்கிறாள். உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடிக்கிற கொழுக்கட்டைதான். கிளம்பும்போது வாசலில் நின்று ஞாபகப்படுத்தினாள்.

"ஃப்ரிட்ஜை நகத்திப் பாத்தியா? அடியில என் முடி போயிருக்கும்."

"நேத்தே நகத்திட்டேன்."

"அடுப்புக்குப் பின்னாடி? ஜன்னல் கண்ணாடியெல்லாம் என் கைரேகையா இருக்கும்."

"கைரேகை வேற பாக்குறாங்களா?"

"இந்தக் காலத்துல எதைத்தான் பாக்கல? சோப்புத் தண்ணி போட்டுத் துடை மனுஷா. ரெண்டு தரம் துடை." சொல்லிவிட்டு வாயில் கைக்குட்டையை வைத்து இருமிக்கொண்டே லிஃப்டுக்குப் போனாள்.

வெய்க்கோ துடைத்தார். கூட்டினார், கழுவினார், சோபாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். பிறகு அவள் கோட்டு, செருப்பு, பூப்போட்ட நைட்டி எல்லாவற்றையும் மூட்டை கட்டி, கைத்தடியை ஊன்றி எதிர்த் தெருவுக்கு நடந்தார். வருஷா வருஷம் போகிற வழிதான். ஆனால் நாடியா வீடு பூட்டியிருந்தது. அவளும் கொழுக்கட்டைக்குப் போய்விட்டாள்.

மூட்டையோடு திரும்பி வந்து கார்டியின் கதவைத் தட்டினார். கார்டி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்தவர், எழுபது வயசு, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர்.

"ஒரு மணி நேரம் இதை உள்ள வைய்யா."

கார்டி மூட்டையை விரலால் நெம்பிப் பார்த்தார். "நைட்டியா? பதினோரு மணிக்கு அந்தப் பொண்ணு என் வீட்டுக்கும்தான்யா வர்றா! இது யாருதுன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"உனக்குக் குளிருதுன்னு சொல்லு."

கதவு சாத்திக்கொண்டது.

மணி ஒன்பதரை. வெய்க்கோ அடித்தளத்துக்கு இறங்கி, எல்லோருக்கும் பொதுவான வாஷிங் மெஷினில் மூட்டையைத் திணித்தார். சும்மா நிற்கிற மெஷினில் துணி கிடந்தால் அடுத்து வருகிற ஆள் எடுத்து வெளியே எறிவான், அதுதான் அந்தக் கட்டடத்தின் வழக்கம். அதனால் காசைப் போட்டு ஓட விட்டார். எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. இருப்பதிலேயே சிவப்பாக இருந்ததை அழுத்தினார்.

மேலே வந்தால் கார்டி இவர் வீட்டு வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், என்னய்யா இது! தரையில என் மூஞ்சி தெரியுது."

"தெரியட்டும். ஒரு முடி கிடையாது, ஒரு ரேகை கிடையாது."

"அதைத்தான்யா சொல்றேன். இது தனியா இருக்கிற ஆம்பளை வீடு மாதிரியா இருக்கு? உள்ளே பொம்பளை இருக்கான்னு வெளிச்சம் போட்டுக் காட்டுது."

வெய்க்கோ கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது ஐம்பத்தைந்து. மறுபடி அழுக்காக்க நேரமில்லை. மீன் பிடிக்கப் போட்டுப் போகிற சேற்று பூட்ஸ் இரண்டையும் எடுத்துச் சாப்பாட்டு மேசையின் நட்ட நடுவில் வைத்தார். தூண்டில் புழு டப்பாவைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். இப்போது ஆம்பளை வீடு.

ஹெதர் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"மிஸ்டர் ஹாபலா! கால் எப்படி இருக்கு?"

"இருக்கு."

"வீடு பளபளன்னு இருக்கே."

"நான் தனி ஆள். எனக்கு வேற வேலை என்ன?"

"நான் ஒண்ணும் கேக்கலையே சார்."

"கேட்டா சொல்றதுக்குச் சொல்றேன். நாலு வருஷமா தனி ஆள்."

ஹெதர் மேசையைப் பார்த்தாள். பூட்ஸிலிருந்து சேறு சொட்டிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, ஸ்டூலில் ஏறி, புகை வந்தால் கத்துகிற கருவியை அழுத்திச் சோதித்தாள். அது 'பீப்' என்று கத்திய அதே நேரத்தில் வாசற்கதவு திறந்தது. இரண்டு கையிலும் கொழுக்கட்டைத் தட்டோடு, காலால் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டெஃபா நுழைந்தாள். சர்ச் ஃப்ரீஸரில் இடம் இல்லையாம்.

வெய்க்கோ முந்திக்கொண்டார். "யாரும்மா நீ? யாரைத் தேடி வந்தே?"

ஸ்டெஃபாவின் கண் மேசைக்குப் போனது.

"சாப்பிடுற மேசை மேல பூட்ஸா!" என்று அலறினாள். பிறகு ஹெதரைப் பார்த்தாள், வெய்க்கோவைப் பார்த்தாள், மூச்சு வாங்கினாள். "அப்படின்னு கேக்குறதுக்கு இந்த வீட்டுல ஒரு பொம்பளை இல்லை போலிருக்கு சார். பெரோகி வேணுமா? டஜன் எட்டு டாலர்."

"எட்டா? கொள்ளையா இருக்கே."

"கையால மடிச்சது சார். டப்பாவுல வந்தது இல்ல."

"டப்பாவுல என்ன குறை? நான் தனி ஆள்," என்றார் வெய்க்கோ, ஹெதருக்குக் கேட்கிற மாதிரி.

பூனை ஓடிவந்து ஸ்டெஃபாவின் கால்களுக்கு நடுவில் எட்டுப் போட ஆரம்பித்தது. வெய்க்கோ தொண்டையைக் கனைத்தார். "அது எல்லார்கிட்டயும் அப்படித்தான். ஒழுக்கம் கிடையாது."

ஸ்டெஃபாவுக்குக் கை வலித்திருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் சமையலறைக்குள் போய், ஃப்ரிட்ஜின் கீழ்க் கதவைக் கால் கட்டைவிரலால் திறந்து, தட்டுகளை அடுக்கி, முழங்காலால் மூடினாள். அந்தக் கதவு அப்படித் திறந்தால்தான் திறக்கும். வெய்க்கோவுக்கே அது பழக ஆறு மாதம் ஆயிற்று.

"வியாபாரம் பண்ற பொம்பளை," என்றார் அவர் பலவீனமாக. "எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜும் பழக்கம்."

கதவு மறுபடி தட்டப்பட்டது. கார்டி நின்றார். கையில் கருஞ்சிவப்பாக, ஈரமாக, சுருங்கிப்போய் ஏதோ ஒன்று.

"கீழ மெஷின் ஓடி முடிஞ்சு கத்துச்சுய்யா. இது உன் ஸ்டெஃ..." ஹெதரைப் பார்த்ததும் கார்டியின் வாய் திறந்தபடியே நின்றது.

"என் கோட்டு!" என்றாள் ஸ்டெஃபா.

"என் கோட்டு!" என்றார் வெய்க்கோ இன்னும் சத்தமாக. பிடுங்கி மாட்டிக்கொண்டார். கை முழங்கையோடு நின்றது. நெஞ்சில் பொத்தான் சேரவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே ஒரு பொத்தானைப் போட்டார். கழுத்தில் முயல் ரோமம் நனைந்து தொங்கியது. ஈரம் பேண்ட்டில் இறங்கி, கழுவின தரையில் சிவப்பாகச் சொட்டியது.

"அளவெடுத்து எனக்குன்னே தைச்சது," என்றார். முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"நல்லா இருக்கு வெய்க்கோ," என்றார் கார்டி. நண்பர் என்றால் இதற்குத்தான்.

வெய்க்கோ நிமிர்ந்து நின்றார். வீடு போகட்டும், மருந்து அட்டை போகட்டும், ஆனால் இந்தப் பொம்பளை மட்டும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எதிர்த் தெருவுக்குப் போய்விடக் கூடாது. மூச்சு விட்டால் பொத்தான் தெறிக்கும். அதனால் மூச்சே விடவில்லை. கண் இரண்டும் பிதுங்கின.

ஹெதர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஸ்டெஃபாவைப் பார்த்தாள். ஸ்டெஃபா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மன்னிச்சுக்குங்கம்மா, மனுஷன் மூச்சடைச்சு விழுந்துடுவாரு," என்றாள் ஹெதர். "மிஸ்டர் ஹாபலா, கோட்டைக் கழட்டுங்க. மூணு வருஷமா இந்த வீட்டுப் படிவத்துல உங்க பேருக்குக் கீழ இவங்க பேரும் இருக்கு, கையெழுத்துப் போட்டதே நீங்கதான். 'வருஷத்துல நீ வர்ற ஒரு நாள்தான் இந்த மனுஷன் வீட்டைக் கழுவுறாரு, தயவுசெஞ்சு சொல்லிடாதே'ன்னு இவங்கதான் என்கிட்ட கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க!"

பொத்தான் தெறித்துப் புழு டப்பாவில் பட்டு விழுந்தது.

வெய்க்கோ ஸ்டெஃபாவைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், தோள் மட்டும் குலுங்கியது. ஹெதரைப் பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைப் போலவே.

"இப்படித்தான் ஆரம்பிப்பாங்க," என்று கார்டியிடம் சொன்னார். கோட்டுக் கையில் ஒட்டியிருந்த வெள்ளி முடி ஒன்றைக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார். பிறகு கைத்தடியை ஊன்றி, அந்தக் கோட்டோடே, மெஷினில் கிடக்கிற மிச்சத் துணியை ஒளித்து வைக்க நாடியா வந்துவிட்டாளா என்று பார்க்க லிஃப்டை நோக்கி நடந்தார்.