மிலிட்டரியின் வண்டி டைரி

சாட்சாத் கடவுளே காரில் ஏறி வந்தாலும், இறங்கும்போது கையெழுத்து வாங்காமல் விடமாட்டார் எங்கள் மிலிட்டரி. பேனா இல்லை என்று கடவுள் சொன்னால் அதற்கும் ஏற்பாடு உண்டு. ஸ்டியரிங் பக்கத்தில் நூல் கட்டிய பேனா ஒன்று ஊசலாடிக்கொண்டே இருக்கும்.

ராயபுரத்தில் ஓர் அண்ணாச்சியின் மளிகை மொத்த வியாபார ஆபீசில் எனக்குப் பில் சரிபார்க்கும் வேலை. மிலிட்டரி அண்ணாச்சியின் கார் டிரைவர். பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். எந்தச் சண்டையில் இருந்தீர்கள் என்று கேட்டால், "நா சண்ட போட்டதில்ல சார். சண்டைக்குப் போறவன இட்டுகினு போய் எறக்கி வுட்டேன்" என்பார். பட்டாளம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் அதை விடவில்லை. அங்கே வண்டி ஒவ்வொரு தடவை நகரும்போதும் டைரியில் எழுதி, ஏறியவரிடமோ சரக்கு ஏற்றியவரிடமோ கையெழுத்து வாங்க வேண்டுமாம். அந்த வழக்கம் அப்படியே அண்ணாச்சியின் வெள்ளைக் காருக்கும் வந்து சேர்ந்தது. கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், கிலோமீட்டர், சரக்கு, நோக்கம், கையெழுத்து என்று நீளவாக்கில் கோடு போட்ட தடிமனான நோட்டு. இருக்கைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டியில் அது பூட்டிக் கிடக்கும். சாவி அவர் கழுத்தில், சிலுவையோடு ஒரே கயிற்றில்.

அண்ணாச்சி மனைவி திருவொற்றியூர் கோயிலுக்குப் போய் வந்த அன்று நோக்கம் என்ற கட்டத்தில், "சாமி தரிசனம் ஐந்து நிமிடம், பூக்கார அம்மாவுடன் பேச்சு நாற்பது நிமிடம்" என்று எழுதி நீட்டினார். அந்த அம்மாள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அண்ணாச்சியின் சம்பந்தி ஒருவர், என்னிடமே கையெழுத்தா என்று முறுக்கிக்கொண்டார். மிலிட்டரி ஏ.சி.யை அணைத்தார், கதவைத் திறக்கவில்லை, பேசவும் இல்லை. எண்ணூர் வெயிலில் கால் மணி நேரம் வெந்த பிறகு சம்பந்தி பேனாவைத் தேடி எடுத்தார். அதற்கப்புறம் எவனும் எதிர்த்துப் பேசவில்லை. நோட்டு நீண்டால் கை தானாக நீளும். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை, நான் உள்பட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் தப்பு செய்தவனின் சர்வீஸ் புஸ்தகத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதுவார்களாம். "என் புஸ்தகத்துல ஒரு பொட்டு செவப்பு கெடையாது சார்" என்று மாதம் ஒரு தடவையாவது சொல்லுவார். அவர் தேடிய சொத்து அது ஒன்றுதான்.

அந்தச் சொத்துக்குத்தான் ஒரு நாள் ஆபத்து வந்தது. அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார். தண்டையார்பேட்டை குடோனில் எட்டு மூட்டை ஏலக்காயைக் காணோம். எதிர்ப் பட்டறையின் கேமராவில் பார்த்தால், செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நம்முடைய வெள்ளைக் கார், டிக்கி மூடாமல், பின்சீட்டிலும் வாலிலும் மூட்டையோடு போகிறது. குடோனைப் பார்த்துக்கொள்ளும் பாபு ஸ்டேஷனுக்கு ஓடி, தான் சாப்பிடப் போன நேரத்தில் மிலிட்டரி மூட்டையை ஏற்றிக்கொண்டு போய்விட்டார் என்று புகார் கொடுத்துவிட்டான்.

நான் போனபோது மிலிட்டரி ஸ்டேஷன் பெஞ்சில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் பாபு, துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி. கார் வாசலில் நின்றது. செவ்வாய்க்கிழமை எங்கே போனாய் என்று இன்ஸ்பெக்டர் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டாராம். ஒரே பதில்தான்: "வண்டி மூவ்மென்ட் வெளிய சொல்லக் கூடாது சார். ஓனர் ஆர்டர் வேணும்."

இன்னும் அரை மணியில் கேஸ் எழுதிவிடுவேன் என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், இவர் எடுத்திருப்பாரோ என்றுகூடத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"டைரியக் காட்டிடுங்க மிலிட்டரி," என்றேன்.

"ஆர்டர் இல்லாம தொறக்கறதில்ல சார்."

"கேஸ் எழுதினா உங்க புஸ்தகத்துல சிவப்பு ஏறிடும். புரியுதா?"

அவர் கை கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டது. "தெரியும் சார். அதுக்காக ரூல்ஸ மாத்திக்க முடியுமா?"

அண்ணாச்சிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். குரலை நம்ப முடியாதாம், எழுத்தில் வேண்டுமாம். அங்கே பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இருந்த அண்ணாச்சி கை கழுவி எழுந்து, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில், டைரியைக் காட்டலாம், இப்படிக்கு ஓனர் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். மிலிட்டரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். கடைசி எழுத்தின் வால் சரியாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் இன்ஸ்பெக்டருக்கு இரண்டு டீ ஆகிவிட்டது.

பெட்டி வந்தது, நோட்டு திறந்தது. செவ்வாய், பகல் பன்னிரண்டே முக்கால். தண்டையார்பேட்டை குடோனிலிருந்து மாதவரம் லாரி ஸ்டாண்டு வரை. சரக்கு: ஏலக்காய் எட்டு மூட்டை. நோக்கம்: அண்ணாச்சி அனுப்பச் சொன்னதாகப் பாபு சொன்னபடி. அதற்கு நேராக, சுழித்துச் சுழித்து, அடியில் இரண்டு கோடு இழுத்து, பாபுவின் கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் நோட்டைப் பாபு பக்கம் திருப்பினார். பாபு குனிந்து தன் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"டெய்லி போடறதுதான் சார்," என்றான். "அவுரு நீட்டுனாரு. கை அதும்பாட்டுக்குப் போட்டுடுச்சு."

திருடிய சரக்குக்குத் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த திருடனை இன்ஸ்பெக்டர் தன் சர்வீசில் பார்த்ததில்லையாம். சிரித்து முடித்துவிட்டு, எழுந்து நின்று மிலிட்டரிக்குக் கை கொடுத்தார். மூட்டைகள் மறுநாளே மாதவரத்தில் கிடைத்துவிட்டன.

வெளியே வந்ததும் மிலிட்டரி காரைத் திறக்கப் பார்த்தார். மூன்று தடவை குத்திப் பார்த்தும் சாவி துவாரத்தில் நுழையவில்லை. ஸ்டியரிங்கை இதுவரை யாரையும் தொட விட்டதில்லை அவர். சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். வழியெல்லாம், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நான் கியர் மாற்றிய அழகைப் பற்றி மட்டும் ஓரிரு வார்த்தை சொன்னார். அவை அச்சில் ஏறாது.

அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். ஓட்டியவன் நான்; பெட்டிச் சாவியை அவரிடம் வாங்கி, நோட்டை எடுத்து நேரம், கிலோமீட்டர் எல்லாம் நான்தான் எழுத வேண்டும். நூலில் கட்டிய பேனா தீர்ந்துபோயிருந்தது. என் சட்டைப் பையில் இருந்தது பில் திருத்துகிற சிவப்புப் பேனா. அதை மறுபடி பைக்குள் செருகிவிட்டு, இறங்கி, தெருமுனை டீக்கடை வரை நடந்து நீலப் பேனா இரவல் வாங்கி வந்தேன். நோக்கம் என்ற கட்டத்தில், "நம்ம ஆளை வீட்டில் விட்டது" என்று எழுதி நீட்டினேன்.

எல்லோரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் நோட்டு. மிலிட்டரி மட்டும் அதை இரண்டு தடவை படித்தார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டார்.