ஆறு மா நிலமும் ஒரு மாநிலமும்

இந்த மாநிலத்திலேயே இனி இருப்பதில்லை என்று போன மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முடிவுசெய்தேன். டீக்கடையிலிருந்து டீ குடிக்காமலே திரும்பி வந்த வழியில்.

ஊரை விட்டுப் போனால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. விஷயம் நன்னிலம் வரைக்கும் பரவிவிட்டது. வலங்கைமானில் பஸ் ஏறினால் கண்டக்டர் சிரிக்கிறார். வேதாரண்யத்தில் இருக்கும் சித்தப்பா மகன் போன் போட்டு, "என்னண்ணே, அப்படியாமே?" என்கிறான். மாநிலம் தாண்டினால்தான் மானம் தப்பும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஆறு மா நிலம். எங்கள் பக்கம் மாக் கணக்குத்தான். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். பட்டா என் பெயரில். பாடு என் மனைவி குந்தவையுடையது. விதை விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, வாய்க்கால் தண்ணீருக்கு மல்லுக்கட்டுவது எல்லாம் அவள்தான். நான் நன்னிலத்தில் ஒரு பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறேன். நாற்பது வகைப் பச்சையைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வேன்.

தை மாதம் அறுப்பு அன்றைக்குப் பார்த்து அவள் தங்கைக்கு வளைகாப்பு. "மிஷின் வந்ததும் வயலக் கைகாட்டி விடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். காட்டினேன். அறுவடை மிஷின் ஓட்டிவந்த சேலத்துக்காரர்தான் தயங்கினார்.

"சார், பயிரு பச்சையா இருக்கே?"

"அது ஒரு ரகங்க. பச்சையாத்தான் இருக்கும்."

"கதிர நசுக்குனா பாலு வருது சார்."

"நல்ல ரகம்னா பாலு வரும். நீங்க இறக்குங்க."

இறக்கினார். அது ரெத்தினம் வயல். எங்கள் வயல் வரப்புக்கு அந்தப் பக்கம், நன்றாக முற்றி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. ரெத்தினம் துண்டு பறக்க ஓடிவருவதற்குள் ஒரு மா காலி. ஊர் மாடுகளுக்கு மட்டும் அன்று இரண்டாவது மாட்டுப்பொங்கல்.

குந்தவை வந்தாள். பார்த்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. ரெத்தினம் வாசலுக்குப் போய் எனக்காக மன்னிப்புக் கேட்டாள். அந்த ஒரு மாவில் விளைந்திருக்கக்கூடிய நெல்லை எங்கள் களத்திலிருந்து மூட்டை கட்டி அனுப்பினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் அங்கே கைகூப்பி நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஊர் சும்மா விடுமா? வீரையன் என்ற என் பெயர் அன்றோடு போயிற்று. பச்சையப்பன் ஆக்கிவிட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். "பச்சையப்பனுக்கு ஒரு டீ! பால நல்லாக் காய்ச்சி ஊத்துப்பா, பச்சப்பாலு ஊத்துனா அவருக்கு வயலு ஞாபகம் வந்துரும்!"

இந்த நேரத்தில்தான் மூஸா போன் போட்டான். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவன். மைசூரில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். இரண்டாவது கடை திறக்கிறானாம், நம்பிக்கையான ஆள் வேண்டுமாம். கர்நாடகத்தில் என்னைப் பச்சையப்பன் என்று கூப்பிட யார் இருக்கிறார்கள்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

"குந்தவ, நாம மாநிலம் மாறலாம்னு இருக்கேன்."

"எத்தன மா?"

"மா இல்ல. மாநிலம்."

"நமக்கு இருக்கறதே ஆறு மா நிலம். அதுல எத்தன மாவ மாத்தப்போறீங்க?"

"ஸ்டேட்டுடி! ஸ்டேட்டு! கர்நாடகா. மைசூரு."

கரண்டியைக் கீழே வைத்தாள். "அங்க எதுக்கு?"

"பசங்க படிப்பு. நல்ல கிளைமேட்டு. மேட்டூர்ல எத்தன அடி தண்ணின்னு தெனமும் பேப்பரப் பாக்க வேணாம். தண்ணி இருக்குற எடத்துக்கே போயிடலாம்."

"டீக்கடைக்குப் போவ வெக்கமா இருக்குன்னு சொல்லுங்களேன்."

"அதெல்லாம் ஒன்னுமில்ல!" என்றேன். காது சுட்டது.

ஒரு வாரமாவது சண்டை போடுவாள் என்று பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தேன். மறுநாள் சாயங்காலமே வந்து, "சரிங்க, போவோம்" என்றாள். பதில்கள் அத்தனையும் வீண்.

"ஆனா ஒன்னு. நிலத்த என் பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"நடுறது நான். கொள்முதல் நிலையத்துல போடணும்னா உங்க பட்டா, உங்க கையெழுத்து, உங்க போனுக்கு ஓ.டி.பி. நெல்ல வெயில்ல கொட்டி வச்சுக்கிட்டு உங்களக் கூப்புட்டா, 'இரு, ஒருத்தருக்கு மஞ்சள் கலக்குறேன்'ங்கறீங்க. பதினாலு வருஷமா இதான் பொழப்பு. மைசூரு போயிட்டா ஒரு கையெழுத்துக்கு நீங்க அங்கேருந்து வருவீங்களா? என் பேர்ல இருந்தா நான் வந்து வந்து பாத்துக்குவேன்."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நான் நியாயத்துக்காகச் சம்மதிக்கவில்லை. எனக்குள் ஒரு தந்திரம் ஓடியது. எழுதிக் கொடுத்தால் என்ன, அவள் வேறு நான் வேறா? மைசூர் போய்ச் சேர்ந்ததும் மெதுவாகப் பேசி விற்கவைத்துவிடலாம். அந்த வயல் இருக்கும்வரை பக்கத்திலேயே ரெத்தினம் வயலும் இருக்குமே! அவளை ஏமாற்றத்தான் பத்திரத்துக்கு ஒப்புக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பத்திரம் எழுதுகிற இராஜாங்கம் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"செக்குபந்தி சொல்லுங்க சார். நாலு பக்கமும் யாரு யாரு நிலம்?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மேற்க கோயில் நிலம். கிழக்க... கிழக்க எங்க வயலு."

"உங்க வயலுக்குக் கிழக்க உங்க வயலா?"

குந்தவை மூச்சு விடாமல் சொன்னாள். "மேற்க ரெத்தினம் அண்ணன் வயலு, கிழக்க தங்கம்மாள் வயலு, வடக்க வாய்க்கா, தெக்க வண்டிப்பாதை." சர்வே நம்பரையும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்ப சார் சொன்னது ரெத்தினம் வயலுக்கு!" என்றார் இராஜாங்கம். "அறுத்தது போதாதுன்னு எழுதியும் குடுக்கப் பாத்தாரு."

அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் அன்று எனக்கு உறைத்தது அந்தக் கிண்டல் இல்லை. பதினாலு வருஷம் என் பெயரில் இருந்த நிலத்துக்கு நாலு பக்கம் எனக்குத் தெரியவில்லை. நாலு பக்கமும் தெரிந்தவள் பெயர் ஒரு காகிதத்திலும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பட்டா மாறி வந்த அன்று பெட்டியை இறக்கிச் சட்டைகளை மடித்து வைத்தேன். குந்தவை வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒன்னும் எடுத்து வைக்கலையா?"

"எதுக்கு?"

"மாநிலம் மாறப்போறோம்ல?"

"அதான் மாறிடுச்சே. ஆறு மா நிலமும்."

"வெளையாடாத. மூஸா காத்துக்கிட்டிருப்பான்."

"போன் போட்டுப் பாருங்க."

போட்டேன். மூஸா ரொம்ப வருத்தப்பட்டான்.

"குந்தவ தங்கச்சி சொல்லலயாடா? நான் வேற ஆளு போட்டு ரெண்டு மாசமாச்சு. 'அண்ணே, வயலயே மாத்தி அறுத்தவரு, கலர மாத்திக் குடுத்துட்டா உங்க கடை பேரு என்னாவுறது?'ன்னு கேட்டுச்சு. எனக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு."

"எப்படா கேட்டா?"

"நான் உங்கிட்ட பேசுனதுக்கு மறுநாளு. மத்தியானம்."

மறுநாள் மத்தியானம். அன்று சாயங்காலம்தான் அவள் "சரிங்க, போவோம்" என்று சொன்னாள்.

போனை வைத்தேன். அவள் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அங்க கூட்டிட்டுப் போயி விக்கச் சொல்லத்தானே இருந்தீங்க?"

மடித்து வைத்த சட்டை ஒன்றை எடுத்து மறுபடி மடித்தேன்.

"வெக்கப்பட்டு ஓடுறதா இருந்தா, அன்னைக்கு ரெத்தினம் அண்ணன் வாசல்ல போயி நின்ன நான்ல மொதல்ல ஓடியிருக்கணும்? சட்டைய எடுத்துக் கொடியில போடுங்க."

போட்டேன்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு. அதே மிஷின், அதே சேலத்துக்காரர். என்னைப் பார்த்ததும் மிஷினை ரோட்டிலேயே நிறுத்திவிட்டார்.

"எந்த வயலு சார்? ஓனரு யாரு?"

வரப்பில் நின்ற குந்தவையைக் கைகாட்டினேன். இந்தத் தடவை சரியாகக் காட்டிவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவர் மிஷினை விட்டு இறங்கினார். நேராக அவளிடம் நடந்து போனார்.

"ஏம்மா, ஓனரு நீங்கதானா? சார் கைகாட்டுனாரு, அதான் ஒரு தடவ கேட்டுக்கலாம்னு."