டொக்டர் சொன்ன பத்து ஆடு

தீபாவளிக்கு ரெண்டு கிழமை இருக்கும்போது முத்துவீரனுடைய ரத்தத்தில் சீனி ஏறிவிட்டது. ஏறுவதற்கு அதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா என்பதுதான் அவருடைய ஆத்திரம். பின் லயத்து வரிசை வீட்டுச் சுமன் வளர்க்கிற கிடாயில் பங்கு சொல்லியாச்சு. ஈரலும் தொடைக்கறியும் தனக்குத்தான் என்று ஸ்டோரில் நாலு பேர் முன்னால் அறிவித்தாச்சு. தேயிலைத் தொழிற்சாலைக்குத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் பெயர். அங்கே அறிவித்தால் அது அரசாங்க அறிவித்தல் மாதிரி. அதிரச மாவு இடிக்கவும் நாள் குறித்தாச்சு. இந்த நேரத்தில் சீனி ஏறினால் யாருக்குத்தான் கோபம் வராது?

முன்னெல்லாம் இது ஒரு பிரச்சினையே இல்லை. தோட்டத்திலிருந்து ஓப்பநாயக்கவுக்கு இறங்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், கிளினிக்கில் நம்பர் எடுக்க வேண்டும். பஸ் வரவில்லை என்று பாதியிலேயே திரும்பலாம். நம்பர் முடிந்துவிட்டது என்று தயிரும் இனிப்புப் பாணியும் தின்றுவிட்டு வரலாம். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் எத்தனையோ வளைவுகள் இருந்தன, எந்த வளைவிலும் ஒரு பொய்யை இறக்கிவிடலாம். பாழாய்ப்போன இன்டர்நெட் வந்து எல்லா வளைவையும் நிமிர்த்திவிட்டது.

கொழும்பில் வேலை செய்கிற மகள் தனுஷிகா ஒரு குட்டி மெஷின் வாங்கி அனுப்பியிருந்தாள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் போதும். கணக்கு தானாகப் போனுக்குள் போய், அங்கிருந்து மகளுக்கும் டொக்டருக்கும் போய்விடும். முத்துவீரன் வாயே திறக்க வேண்டாம். வாயை வைத்தே பிழைத்த மனிதருக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

மெஷின் காட்டிய கணக்கைப் பார்த்துவிட்டு அவர் மனைவி சீதாதேவி அதை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு, "எங்கப்பாவுக்குச் சீனியிலதான் கால எடுத்தாங்க. எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள்.

"ஒங்கப்பா கால் வேற, என் கால் வேற" என்று முத்துவீரன் அடித்துச் சொன்னார்.

அன்று இரவே மகள் போன் எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை டொக்டர் வீடியோவில் வருவாராம். வீட்டிலிருந்தே பேசலாமாம்.

"அம்மா கட்டாயம் பக்கத்துல இருக்கணும்பா. டொக்டர் சொல்றது சமைக்கிறவங்களுக்குத் தெரியணும்."

"சரி, சரி. டொக்டர் எந்த ஊரு?"

"இரத்தினபுரிப் பக்கம். சிங்களம்தான் பேசுவாங்க. நீங்க அம்மாவுக்குத் தமிழ்ல சொல்லிருங்க."

முத்துவீரனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. சீதாதேவியோ தமிழே புழங்குகிற மஸ்கெலியாவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். முப்பது வருஷமாகக் கடை, பஸ், அரசாங்கக் கச்சேரி எல்லாவற்றிலும் சிங்களக்காரர் பேசுவதை அவர்தான் அவளுக்குத் தமிழில் இறக்கிக் கொடுக்கிறார். இறக்கும்போது கொஞ்சம் கழிவு போகும், அவ்வளவுதான். பலாங்கொடையில் சேலைக் கடைக்காரர் இன்றைக்குப் பாதி விலை என்று கூவியபோது, "கடைய மூடப் போறாராம் புள்ள, வா போவோம்" என்று இறக்கியவர் அவர். மெஷின் கணக்கைத்தான் அனுப்பும், அர்த்தத்தை யார் அனுப்புவது? தீபாவளி பிழைத்தது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு வந்தது. வாசற்படியில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தார்கள். போனில் டொக்டர் சந்தமாலி தெரிந்தார். சின்ன வயசு, கண்ணாடி, சிரித்த முகம். கணக்கைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சீனி கன்ன எபா" என்றார் டொக்டர்.

சிங்களத்தில் கன்ன என்றால் சாப்பிட, எபா என்றால் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கும் விளங்கும்.

"என்னங்க சொல்றாங்க?"

"கண்ணா, எப்பாங்கிறாங்க."

"கண்ணாவா?"

"அன்பாப் பேசுறாங்க புள்ள. என் ஒடம்புல இருக்கிற சீனியப் பாத்து எப்பான்னு அசந்துட்டாங்க. இந்த வயசுல இவ்வளவு நல்ல சீனிய அவங்க பாத்ததே இல்லியாம்."

"நம்ம மக வயசு இருக்கும் அந்தப் புள்ளைக்கு. ஒங்களக் கண்ணாங்குதா?"

"இப்பல்லாம் வைத்தியத்துல இது ஒரு முறை."

டொக்டர் அடுத்ததற்குப் போனார். "பத் அடு கரன்ன." சோற்றைக் குறையுங்கள் என்று அர்த்தம். இதை எப்படித் தமிழில் கவிழ்ப்பது என்று முத்துவீரன் யோசிக்கும் முன்பே சீதாதேவி குறுக்கே விழுந்தாள்.

"பத்துன்னாங்க. ஆடுன்னும் கேட்டுச்சு."

முத்துவீரனுக்குப் புல்லரித்துவிட்டது. தேடிப் போனாலும் இப்படி ஒரு வழி கிடைக்குமா?

"ஒனக்கே வெளங்குது பாத்தியா? பத்து ஆடு. கரன்னன்னா கறி."

"பத்து ஆட்டக் கறி வைக்கணுமா?"

"ஒரே நாள்லயா சொன்னாங்க? மெதுமெதுவா."

"சோத்தப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சோறுன்னு வாயே தொறக்கல."

டொக்டர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, மணிக்கூட்டைத் தட்டி, "தவஸட்ட பெயக் எவிதின்ன" என்றார். தினமும் ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டுமாம். இந்த வீடியோவில் இதுதான் கரைச்சல். வாயை மாற்றலாம், விரலை எப்படி மாற்றுவது?

"மணிக்கூட்டக் காட்டுறாங்களே, என்னத்துக்குங்க?"

"ஒரு மணித்தியாலம்."

"ஒரு மணித்தியாலம் என்ன செய்யணும்?"

"கடைசியா தின்னன்னு சொன்னது கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சு."

"அதான். தெனமும் ஒரு மணித்தியாலம் ஆடு தின்னணும்."

"அம்புட்டு நேரமா?"

"அவசரமாத் தின்னா செமிக்காது."

"ஆடு தின்னணும்" என்று சீதாதேவி மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "இதத்தான் சொன்னாங்களா? பின்னால மாத்திப் பேச மாட்டீங்களே?"

"மாரியம்மன் மேல சத்தியம்."

"தேத்தண்ணிக்கு எத்தன கரண்டி சீனின்னு கேளுங்க."

முத்துவீரன் போனைப் பார்த்து, அங்கே இரத்தினபுரியில் மழையா என்று சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். டொக்டர் கொஞ்சம் விழித்துவிட்டு, "கொடாக்" என்றார்.

"கொடாக்னா நெறைய. ஒனக்கே தெரியும்."

"தெரியும்" என்றாள் சீதாதேவி.

அடுத்த நாள் முத்துவீரன் ஸ்டோருக்கு மாப்பிள்ளை மாதிரிப் போனார். ஆட்டுக்கறிக்கு டொக்டரே சிபாரிசு செய்த ஒரே சீனி நோயாளி இலங்கையில் தான்தான் என்று சொன்னார். இன்டர்நெட் வந்த பிறகுதான் வைத்தியம் முன்னேறியிருக்கிறது என்று ஒரு பிரசங்கமும் வைத்தார். சுமனைக் கண்டதும், "ஈரல மறந்துறாத தம்பி, அது மருந்து" என்று தோளில் தட்டினார். சுமன் ஏனோ நின்று பேசவில்லை. பொறாமை என்று முத்துவீரன் நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வாசல் தூணில் ஒரு ஆட்டுக்குட்டி கட்டியிருந்தது. கறுப்புக் குட்டி. முத்துவீரனுடைய காற்சட்டைக் காலை மோந்து பார்த்து, ஒரு ஓரத்தைத் தின்றது.

"இது யாரு?"

"நம்ம ஆடுங்க. சுமன்கிட்டப் பங்குக் கறி வேணாம்னுட்டேன். அதுக்குப் பதிலா அந்தத் தம்பி உசுரோட ஒரு குட்டி குடுத்துச்சு."

"பங்கு வேணாம்னியா? டொக்டர் என்ன சொன்னாங்க?"

"தெனமும் ஒரு மணித்தியாலம் ஆடு தின்னணும்னாங்க. இந்த ஆடு தின்னணும்னா புல்லு வேணாமா? தேயிலைக்குள்ள விட்டா தோட்டத்துத் தொர சத்தம் போடுவாரு. மேல பத்தனைக்குத்தான் ஓட்டிட்டுப் போகணும். கயிறு அந்தா கெடக்கு."

முத்துவீரன் வாயைத் திறந்தார். பத்தனை என்பது தேயிலைக்கெல்லாம் மேலே இருக்கிற புல்மேடு. ஏறினால் மூச்சு முட்டும், இறங்கினால் முழங்கால் முட்டும்.

"புள்ள, ஆடு தின்னணும்னா ஆட்ட நான் தின்னணும்."

"அப்பிடீன்னா ஆட்டத் தின்னணும்னு சொல்லியிருப்பாங்களே. டொக்டர் ஆடுன்னுதான் சொன்னாங்க, என் காதாலயே கேட்டேன். நீங்களும் சத்தியம் பண்ணீங்க. இல்ல, டொக்டர் வேற என்னமும் சொன்னாங்களா? சொன்னாங்கன்னா சொல்லுங்க."

சொன்னார்கள்தான். என்ன சொன்னார்கள் என்று சொன்னால் சோறு போகும், சீனி போகும், சாகிற வரைக்கும் மொழிபெயர்ப்பு உத்தியோகமும் போகும். முத்துவீரன் கயிற்றை அவிழ்த்தார். முதல் வளைவு தாண்டுவதற்குள் மூன்று தடவை உட்கார்ந்தார்.

இறங்கி வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தவர் முகம் கோணியது.

"சீனி போடலியா?"

"ஒங்க ஒடம்புல சீனி நெறைய இருக்குன்னு டொக்டரே அசந்து போனாங்கல்ல? உள்ளயே கொடாக் இருக்கிறப்ப வெளியிலேர்ந்து எதுக்கு?"

இரவுக்குக் கேழ்வரகு மாவில் சுட்ட குரக்கன் ரொட்டி வந்தது. கூடவே முருங்கையிலைச் சுண்டல், மலை மாதிரி.

"சோறு எங்க?"

"சோறுன்னு டொக்டர் வாயே தொறக்கலன்னு நீங்கதான சொன்னீங்க? சொல்லாதத ஏன் ஆக்கணும்?"

"சொன்னாங்க புள்ள" என்று வாய் தவறி வந்துவிட்டது.

"அப்பிடியா? சோத்த என்ன பண்ணச் சொன்னாங்க?"

முத்துவீரன் ரொட்டியைப் பிட்டு வாயில் அடைத்துக்கொண்டார். குரக்கன் ரொட்டி வாயை மூட வைப்பதில் கெட்டிக்காரச் சாமான்.

தீபாவளி அன்று லயமெல்லாம் கறி மணத்தது. முத்துவீரன் புது வேட்டியோடு பத்தனையில் ஆடு மேய்த்தார். கீழே சுமன் வீட்டில் ஈரல் வறுபடுகிற வாசம் காற்றில் ஏறி வந்து அவரைத் தேடிப் பிடித்தது. ஆடு மட்டும் வயிறு முட்டத் தின்றது. வீட்டுக்கு வந்ததும் சீதாதேவி ஒரே ஒரு அதிரசம் கொடுத்தாள். அதைக் கால் மணித்தியாலம் தின்றார்.

"இன்னைக்கு ஒரு நாளாவது ஆட்ட நீ ஓட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று முனகினார்.

"சீனி எனக்கா ஏறியிருக்கு? கஷ்டம்னா சொல்லுங்க. டொக்டர் பத்து ஆடுன்னாங்க, பாவமேன்னு ஒண்ணோட நிறுத்தியிருக்கேன். சுமன்கிட்ட இன்னும் குட்டிங்க இருக்கு."

மறுநாள் சொல்லாமலேயே முத்துவீரன் கயிற்றை எடுத்தார்.

ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. தொந்தி இறங்கியது. வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மூச்சு முட்டாமல் பத்தனை ஏறினார், ஏறும்போது பாடவும் செய்தார். விரலில் குத்த விரலில் குத்தக் கணக்கு இறங்கிக்கொண்டே போனது. அது கொழும்புக்குப் போனதும் மகள் அழுகைக் குரலில், "அப்பா, நீங்க பெரிய ஆள்தாம்பா" என்றாள். முத்துவீரனுக்கு அது போதவில்லை. டொக்டர் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது.

தை பிறந்ததும் டொக்டர் மறுபடி வீடியோவில் வந்தார். கணக்கைப் பார்த்துக் கை தட்டினார். கடகடவென்று சிங்களத்தில் பாராட்டினார். முத்துவீரன் நெஞ்சை நிமிர்த்தினார். பழைய உத்தியோகத்துக்குத் திரும்ப இதைவிட நல்ல நேரம் வருமா?

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் சீதாதேவி.

"எனக்கு மெடல் குடுக்கணுங்கிறாங்க. என்னோட மனவுறுதிய ஆஸ்பத்திரில பாடமா வைக்கணுமாம். இனிமே ஆட்டக் குடுத்துறலாம். கெழமைக்கு ஒரு நாள் தயிரும் பாணியும் கட்டாயமாம்."

இதற்குள் டொக்டர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் குறைத்தீர்கள் என்பது கேள்வி. முத்துவீரன் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் மனவுறுதியைப் பற்றி ஆரம்பிக்கப் போனார். சீதாதேவி அவர் கையிலிருந்து போனை வாங்கினாள்.

வாங்கிப் பேசினாள். சிங்களத்தில் பேசினாள். தான் மஸ்கெலியாவிலிருந்து வந்த கதை, கன்ன எபாவுக்குக் கண்ணா வந்த கதை, சோறு ஆடான கதை, நடை தீனியான கதை, பிறகு ஆடு வந்த கதை, எல்லாவற்றையும் ஒரு திக்கல் திணறல் இல்லாமல், முத்துவீரனுக்குக்கூட வராத சுத்தமான சிங்களத்தில் சொல்லி முடித்தாள். டொக்டர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்றது. முத்துவீரன் வாசற்படியிலேயே ஒரு முழம் இறங்கி உட்கார்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு டொக்டர் சிங்களத்திலேயே கேட்டார். "அம்மா, நீங்க மஸ்கெலியாக்காரங்கன்னு சொல்றீங்க. இவ்வளவு அழகா சிங்களம் எங்க படிச்சீங்க?"

சீதாதேவி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிங்களத்தில் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரர்தான் டொக்டர் சொல்லிக் குடுத்தாரு. முப்பது வருசமா அவர் தமிழ்ல என்ன சொல்றாரோ, அதுக்கு நேர் எதிரா எடுத்துக்கிட்டேன். ஒரு நாளும் தப்பாப் போனதில்ல."