பால்கனி வைத்த கப்பல்

இந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு வீட்டில் இருப்பதில்லை என்று சிவராமன் முடிவு கட்டிவிட்டார்.

காரைக்காலில் இப்படி ஒரு முடிவை வெளியே சொன்னால் ஆளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆனி பௌர்ணமிக்குப் பிச்சாண்டவர் வீதியுலா வருவார். ஜனங்கள் மாடியிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். கீழே ஒரு கூட்டம் அதைப் பிடிக்க முட்டி மோதும். சிவராமனுக்குச் சாமி மேல் கோபமில்லை, மாம்பழத்தின் மேலும் இல்லை. கோபமெல்லாம் தன் வீட்டு பால்கனி மேல்தான். சாமி திரும்புகிற முனையில், பழம் இறைக்கத் தோதாக, லோன் போட்டு அதைக் கட்டித் தொலைத்தவரும் அவரேதான்.

பால்கனி எழும்பியதிலிருந்து நெடுங்காட்டு மாமனார் சுப்பையன் ஒரு மாங்கனியையும் தவறவிட்டதில்லை. தனியாக வந்தால் பரவாயில்லை, வேன் பிடித்து வருவார். உள்ளே எத்தனை பேர் என்பது எல்லோரும் இறங்கி முடிக்கும்வரை டிரைவருக்கே தெரியாது. சிவராமனின் கட்டிலில் சுப்பையன் சாய்வார். சிவராமனின் ஈசிசேரில் சுப்பையனின் தம்பி. சிவராமன் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்வார். மெஷினை யாராவது ஓடவிட்டால் அவரும் சேர்ந்து ஆடுவார். பாத்ரூம் வரிசை வாசல்வரை நீண்டதைப் பார்த்து, எதற்கோ டோக்கன் கொடுக்கிறார்கள் என்று தெருவில் போனவர் ஒருவர் வந்து கடைசியில் நின்றதும் உண்டு.

போன வருஷம் "ஹெட் ஆபீஸ்ல மீட்டிங்" என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்கு ஓடிப்போய் ஒரு லாட்ஜில் பதுங்கினார். அங்கே மூட்டைப்பூச்சி மாமனாரைவிட மோசம். இந்த முறை கௌரவமாகத் தப்பிக்க வேண்டும், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

அதற்கு ஆயுதம் கையில் இருந்தது. ஹாலிடே கிளப் பாயிண்டுகள்.

திருச்சியில் ஒரு மாலில் குலுக்கல் பரிசு விழுந்திருப்பதாகவும், கணவன் மனைவி ஜோடியாக வந்தால்தான் டின்னர் செட் என்றும் சொல்லி வரவழைத்தார்கள். ஏசி அறையில் உட்காரவைத்து, "மேடத்துக்கு உலகத்தைச் சுத்திக் காட்ட வேணாமா சார்?" என்று டை கட்டிய இளைஞன் ஒருவன் கண் கலங்கினான். சிவராமனும் கலங்கிப்போய் கிளப்பில் சேரக் கையெழுத்துப் போட்டார். உமாமகேஸ்வரியும் போட்டாள், ஆனால் அவள் கண் டின்னர் செட்டின் மேல் இருந்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பாயிண்டுகள் வந்து குவிந்தன. அதை வைத்துப் போய்வர ஊர்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கோடை லீவா? சீசன் சார். தீபாவளியா? சீசன் சார். பொங்கலா? அது சூப்பர் சீசன் சார். மனுஷனுக்கு லீவு கிடைக்கிற நாளெல்லாம் கிளப்புக்குச் சீசன்.

ஆனால் மாங்கனிக்குக் காரைக்காலுக்கு மட்டும்தானே லீவு! மற்ற உலகம் முழுக்க அன்று ஆபீஸ் போகுமே! இந்த ஞானம் பிறந்ததும் சிவராமன் கிளப்புக்கு போன் போட்டார். சென்னையிலிருந்து கிளம்பிக் கடலைச் சுற்றிக் காட்டும் சொகுசுக் கப்பல். பால்கனி வைத்த கேபின், இருவருக்கு. "ஃபுல்லா காலி சார்," என்றாள் கிளப் பெண், முதல் முறையாக. "கேன்சல் பண்ணா மட்டும் பாயிண்ட் திரும்ப வராது."

"நான் ஏன்மா கேன்சல் பண்ணப்போறேன்?" என்று சிவராமன் சிரித்தார்.

உமாமகேஸ்வரி அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள்.

"உமா, மாங்கனி அன்னிக்கு நாம ஊர்ல இல்ல."

"எங்க இருப்போம்?"

"கடல்ல."

"ஏங்க, ஆபீஸ்ல எதுனாச்சும் பிரச்னையா?"

"அட, கப்பல்டி! பால்கனில உக்காந்து கடலப் பாத்துக்கிட்டே காபி குடிக்கலாம்."

"கடலப் பாக்க கப்பலா? காரைக்கால்மேட்டுக்குப் போனா கடலையும் பாக்கலாம், வர்றப்ப மீனும் வாங்கியாரலாம்."

"அது சும்மா கெடக்குற கடல். இது பாயிண்டுல வர்ற கடல்."

உளுந்தில் இருந்த கை நின்றது. "நெசமாவா? டிக்கெட் போட்டாச்சா?"

"போட்டாச்சு."

அவள் முகம் ஒரு கணம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. அடுத்த கணம் வாடியது. "ஐயோ, வேண்டுதல் இருக்கேங்க. இந்த மாங்கனிக்கு உங்க கையால ரெண்டு கூடை பழம் இறைக்க வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"பழம் இறைக்கிறதுக்கு முன்னாடி அத வெளில சொல்லக் கூடாதுங்க."

"ஏன், உன் கையால இறைக்கிறேன்னு வேண்டிக்க வேண்டியதுதானே?"

"வீட்டு ஆம்பளை கையால இறைச்சாதான் விசேஷம். சாமிக் கடனத் தள்ளிப்போட்டு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

சிவராமனுக்குச் சட்டென்று புரிந்தது. மாசியில் டைபாய்டு வந்து அவர் கிழிந்த நாராய்க் கிடந்தபோது, கண் மூடாமல் பக்கத்திலேயே இருந்தவள் இவள். அப்போது வேண்டியிருப்பாள். அவர் நெஞ்சு இளகி ஓடியது. தன் உயிருக்காகச் செய்த வேண்டுதலை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினால் கப்பல் மிதக்குமா?

கிளப்புக்கு மறுபடி போன் போட்டார். வேறு தேதியெல்லாம் சீசன். "ஆனா மேடமும் ஓனர்தானே சார்," என்றாள் அந்தப் பெண். "மேடம் போகலாம், கூட ஒரு கெஸ்ட்டும் கூட்டிட்டுப் போகலாம்."

"எனக்கென்னவோ மனசே இல்லங்க," என்றாள் உமாமகேஸ்வரி. "பாயிண்ட் வீணாப் போகுதேன்னுதான் பாக்குறேன். தொணைக்கு அண்ணியக் கூட்டிக்கிறேன்." அண்ணி என்றால் நெடுங்காட்டில் இருக்கும் அவள் அண்ணன் மனைவி சௌந்தரவல்லி. மனசே இல்லாதவள் மறுநாளே புதுச் செருப்பு வாங்கிவந்தாள்.

வீட்டுக்காரி ஊரில் இல்லையென்றால் வேனும் வராது என்று சிவராமன் தேற்றிக்கொண்டார். அந்த நினைப்போடுதான் உமாவையும் அவள் அண்ணியையும் எழும்பூர் ரயிலில் ஏற்றிவிட்டார். ரயில் நகரும்போது ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அப்பாட்ட சொல்லிட்டேங்க! நான் இல்லாட்டி என்ன, மாப்ள இருக்காரு, தாராளமா வாங்கன்னு!"

மாங்கனியன்று விடிகாலையிலேயே வேன் வந்துவிட்டது. அதே கூட்டம். சமைக்கிற இரண்டு பேர் மட்டும் கப்பலில் இருந்தார்கள்.

இத்தனை வருஷமும் இந்த வீட்டில் சாம்பார் எங்கிருந்து வந்தது என்று சிவராமன் யோசித்ததில்லை. வரும், ஊற்றிக்கொள்வார். இன்று இட்லி துணியோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. குக்கர் விசில் அடிக்காமல் பெருமூச்சு விட்டது.

"மாப்ள, சட்னி தீந்துடுச்சுங்க," என்று கட்டிலில் இருந்தபடியே சொன்னார் சுப்பையன்.

"மாப்ள, பசங்களுக்கு இன்னொரு ஈடு ஊத்திடுங்க," என்றார் ஈசிசேரில் இருந்த தம்பி.

தண்ணீர் கேன் தூக்கப் போன சிவராமனைப் பக்கத்து வீட்டு சாதிக் பாட்சா மடக்கினார். "என்ன சார், இன்னிக்குக் கப்பல்னீங்க?"

"கப்பல் கிளம்பிடுச்சு பாய்."

பாட்சா அவரையும் கேனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கேனின் ஒரு பக்கத்தைப் பிடித்தார்.

சாமி முனை திரும்பியது. மாவு ஒட்டிய கையோடு சிவராமன் பால்கனிக்கு ஓடினார். கண் கலங்கக் கலங்க, இரண்டு கூடைப் பழத்தையும் கடைசிப் பழம்வரை தன் கையாலேயே இறைத்தார். உமாவை நினைத்துக்கொண்டார். இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பாள்?

வீடியோ கால் வந்தது. பால்கனி, கடல், கையில் காபி. பக்கத்தில் சௌந்தரவல்லி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள்.

"இறைச்சாச்சாங்க?"

"ஆச்சு உமா. இப்பவாவது சொல்லு, என் டைபாய்டுக்குத்தானே வேண்டிக்கிட்ட?"

"அதுக்குத்தான் ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்களேங்க."

"பின்ன எதுக்கு?"

"போன மாங்கனிக்கு உங்க ஆபீசர் அம்பலவாணன் சார் நம்ம வீட்லதான் சாப்ட்டாரு. மீட்டிங்கா, எந்த மீட்டிங்னு கேட்டாரு. எங்கப்பாவே வந்தாலும் சாம்பார் தானா கொதிக்குமாங்க? அண்ணியும் நானும் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே வேண்டிக்கிட்டோம். அடுத்த மாங்கனிக்கு எங்கள இந்த அடுப்படிலேருந்து தப்பிக்க வச்சிடு சாமி, ஓடிப்போன மனுஷன் கையாலயே ரெண்டு கூடை இறைக்க வெக்கிறேன்னு. நீங்க கப்பல்னு வந்து சொன்னப்பவே பலிச்சிடுச்சு. கடனை உடனே அடைக்கணும்ல?"

உள்ளேயிருந்து சுப்பையன் குரல் வந்தது. "மாப்ள, சாயங்காலத்துக்கு பஜ்ஜிங்களா, போண்டாங்களா?"

"அப்பா கேக்குறாரு பாருங்க, போங்க," என்றாள் உமாமகேஸ்வரி, காபியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு. "அடுத்த வருஷத்துக்கு மூணு கூடையா வேண்டிக்கிட்டிருக்கோம். நீங்க பாயிண்ட மட்டும் ஒழுங்கா சேத்து வைங்க."