கேள்வி கேட்காமல் வெந்த வான்கோழி

"பட்டன் அழுத்தறது ஒரு வேலையா?"

என் மனைவியைப் பார்த்து இப்படிக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் நான் கேட்டிருக்கக் கூடாத கேள்விகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போடலாம். அதில் முதல் பக்கத்தை இதற்கு ஒதுக்கலாம்.

ஆனால் இப்படிக் கேட்க எனக்குத் தகுதி உண்டு. நான் லிஃப்ட் மெக்கானிக். பட்டன்தான் எனக்குச் சோறு போடுகிறது. நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட பட்டனை நம்பித்தான் ஊரில் பாதிப் பேர் மேலே போகிறார்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பத்திரமாகக் கீழேயும் வந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்டவன் வீட்டில், எலெக்ட்ரிக் பிரஷர் குக்கரில் ஒரே ஒரு பட்டனை அழுத்திவிட்டு, "அப்பாடா, இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்று ஒருத்தி உட்கார்ந்தால் கேட்கத் தோன்றாதா?

அவள் கோபப்படவில்லை. அதுதான் முதல் அதிர்ச்சி. கோபப்பட்டால் எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவளோ சிரித்தாள்.

"வேலையே இல்லதான். அப்ப ஞாயித்துக்கிழமை நீங்களே செஞ்சிடுங்க. அண்ணனும் அண்ணியும் மத்தியானம் சாப்பிட வர்றாங்க."

"செஞ்சுட்டாப் போச்சு. சாதம்தானே?"

"வான்கோழி. முழுசா."

வான்கோழி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சரக்கு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே மேனேஜரும் நாலு பெட்டி உறைந்த கோழியும். முக்கால் மணி நேரம் போராடி எல்லோரையும் மீட்டேன். உயிர் தப்பிய மகிழ்ச்சியில் மேனேஜர் ஒரு வான்கோழியை என் கையில் திணித்துவிட்டார். நாலு கிலோ. இரண்டு வாரமாக எங்கள் ஃப்ரீசரில் காலை நீட்டிப் படுத்திருந்தது.

"ஒரே ஒரு கண்டிஷன்," என்றாள். "என்கிட்ட எந்தக் கேள்வியும் கேக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை காலையில ஆரம்பிச்சு, எல்லாரும் சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும். ஒரு கேள்வி கேட்டாலும் நீங்க தோத்தீங்க."

"கேக்கலைன்னா?"

"உங்க கூட்டாளிங்களோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போங்க. நாலு நாள். நான் வாயே திறக்க மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருஷமாக நான் கெஞ்சிக்கொண்டிருக்கும் பயணம் அது. வாங்கிய தூண்டில் இன்னும் உறை பிரிக்காமல் பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது.

"தோத்தா?"

"நானும் தங்கச்சியும் பத்து நாள் ஊர் சுத்தப் போறோம். வீடும் சமையலும் உங்க பொறுப்பு. அண்ணன்தான் நடுவர்."

மச்சான் நிஜமாகவே நடுவர். கைப்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுபவர். சொந்த மகன் ஆடிய ஆட்டத்தில், அவன் வலையைத் தொட்டான் என்று சொல்லி அவன் அணியையே தோற்க வைத்தவர். அவர் தீர்ப்பில் நியாயம் இருக்கும் என்று நம்பி ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தங்கையோடு பார்லருக்குப் போய்விட்டு, ஒரு மணிக்கு அண்ணனையும் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு.

"நான் கேள்வி கேக்கலை," என்றேன். "மிளகுத்தூள் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு சொல்றேன்."

"ரொம்ப சந்தோஷம்."

"வெண்ணெயும் தெரியும்."

"இன்னும் சந்தோஷம்," என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து வான்கோழியை எடுத்தேன். யாரோ புண்ணியவதி இரண்டு நாளைக்கு முன்பே அதை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றியிருந்ததால் பனி விட்டிருந்தது. பனி விட வைக்க வேண்டும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வயிற்றுக்குள் உப்புத் தடவலாம் என்று கையை விட்டேன்.

உள்ளே ஏதோ இருந்தது. இழுத்தேன். காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் ஒரு நீளமான கழுத்து.

நான் அலறிய அலறலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் சிரித்துக் கையசைத்தேன். ஜன்னல் அவசரமாக மூடிக்கொண்டது. என் கையில் கழுத்து இருந்ததை நான் மறந்துவிட்டேன்.

யாரையாவது கேட்டே ஆக வேண்டும். அப்போதுதான் குக்கர் மூடியில் அதைப் பார்த்தேன். மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். "அவசர உதவிக்கு" என்று கறுப்பு எழுத்து. கீழே பேனாவில் எழுதிய ஒரு நம்பர்.

எனக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு லிஃப்டிலும் இப்படி ஒன்றை ஒட்டுபவன் நான். அதன் அருமை ஒட்டுகிறவனுக்குத்தான் தெரியும். அந்த நம்பருக்குப் பின்னால், பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு அப்பாவி உட்கார்ந்திருப்பான். மனைவியைத்தான் கேட்கக் கூடாது. குக்கர் கம்பெனியைக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. உடனே மெசேஜ் தட்டினேன்.

"வணக்கம். வான்கோழியின் வயிற்றுக்குள் ஒரு பொட்டலம் இருக்கிறது. போலீசுக்குச் சொல்ல வேண்டுமா?"

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. "வணக்கம். பதற வேண்டாம். அது கழுத்தும் ஈரலும். கடையிலேயே வைத்துத் தருவார்கள். எடுத்துத் தனியே வைக்கவும்."

"நன்றி. அடுத்து?"

"கீழே போட்ட வான்கோழியை எடுத்துக் கழுவவும்."

நான் குனிந்து பார்த்தேன். வான்கோழி தரையில்தான் கிடந்தது.

"கீழே போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெரும்பாலான வாடிக்கையாளர்கள் இந்தக் கட்டத்தில் கீழே போடுவார்கள். அப்படியே சிங்க்கில் கிடக்கும் காபி டம்ளரையும் கழுவி வைக்கவும்."

அசந்துபோனேன். எவ்வளவு அனுபவசாலிக் கம்பெனி! டம்ளரைக் கழுவினேன்.

அடுத்த சோதனை, வான்கோழி குக்கருக்குள் போக மறுத்தது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் ஒன்பதாவது ஆள் நுழைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் மூச்சை உள்ளே இழுத்தால் கதவு மூடிவிடும். வான்கோழி ஒத்துழைக்கவில்லை. கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. மூடியை வைத்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடலாமா என்று யோசித்து, அதையும் கேட்டேன்.

"வேண்டவே வேண்டாம். கால்களை மடக்கி நூலால் கட்டவும். உங்கள் வேலைப் பையில் இருக்கும், வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை உபயோகிக்க வேண்டாம். உருகிவிடும்."

பிளாஸ்டிக் பட்டை அப்போது என் கையில் இருந்தது. நைசாக அதைப் பையில் போட்டேன்.

"நூல் எங்கே இருக்கும்?"

"பொதுவாக எல்லா வீடுகளிலும் இரண்டாவது இழுப்பறையில், கத்தரிக்கோலுக்குக் கீழே."

இழுப்பறையைத் திறந்தேன். கத்தரிக்கோலுக்குக் கீழே நூல்கண்டு! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு கம்பெனி லிஃப்டும் செய்தால் எங்கள் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

காலைக் கட்டி, வெண்ணெயும் மிளகும் பூண்டும் தடவி, கம்பித் தட்டின் மேல் உட்கார வைத்து, ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றி மூடினேன். மூடி பூட்டிக்கொண்டது. ஐம்பது நிமிஷம் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன்.

"எத்தனை விசில் வந்ததும் நிறுத்த வேண்டும்?"

"இந்தக் குக்கரில் விசில் வராது."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குக்கர் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம். தினமும் அதில் வெந்ததைத்தான் தின்கிறேன். அது ஒரு தடவைகூட விசில் அடித்ததில்லை என்பது எனக்குத் தெரியாது. போன வாரம்கூட, "மூணாவது விசில் வந்தாச்சு, சாப்பாடு போடு" என்று கூடத்திலிருந்து சத்தம் போட்டேன். அவளும் பேசாமல் போட்டாள். நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அரை மணி நேரமாகியும் குக்கரில் இருந்த கடிகாரம் ஓடவில்லை. கேட்டேன். அழுத்தம் ஏறிய பிறகுதான் ஓடும் என்றார்கள். ஓடியது. முடிந்தது. மூடியைத் திருகினேன், திறக்கவில்லை. மாட்டிக்கொண்ட ஆளை மீட்பதுதானே என் தொழில்? ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்துக்கொண்டே, "கம்பியால் நெம்பலாமா?" என்று ஒரு கையால் தட்டினேன்.

"மூடிய விடுங்க!!! கம்பிய கீழ வைங்க! இருபது நிமிஷம் அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு தடவ சொன்னாக் கேக்கணும்!"

கம்பெனி திடீரென்று பேச்சுத் தமிழுக்கு மாறியது என்னைத் திகைக்க வைத்தது. ஆனாலும் அந்தத் தொனியில் ஏதோ ஒரு அதிகாரம் இருந்தது. காலை இறக்கிவிட்டு, கைகட்டி நின்றேன்.

இருபது நிமிஷம் கழித்துத் திறந்தால் இன்னொரு அதிர்ச்சி. வான்கோழி வெந்திருந்தது, ஆனால் வெளுத்துப்போய், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. "ஓவனில் கால் மணி நேரம் வைக்கவும், சிவந்துவிடும்," என்றது கம்பெனி. சிவந்தது. மணக்கவும் செய்தது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஒரு மணிக்கு வந்தார்கள். மச்சான் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார்.

"மாப்ள, இது நீங்க பண்ணதா?"

"தனியா, மச்சான். உங்க தங்கச்சியை ஒரு வார்த்தை கேக்கலை."

"எலும்பிலேருந்து கறி தானா கழண்டு வருதே!" என்று மச்சான் சம்சாரம் இரண்டாவது துண்டு எடுத்தார். என் மனைவி எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

எனக்கு மனம் நிறைந்துவிட்டது. நன்றி மறக்கக் கூடாதே. மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு தட்டினேன். "நன்றி. வான்கோழி பிரமாதம். உங்களைப் போலப் பொறுமையாகச் சொல்லித்தர என் மனைவிக்கு வராது."

அலமாரி மேல் இருந்த அவள் கைப்பைக்குள் 'டிங்' என்றது.

எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஒரு கும்பிடு படமும் அனுப்பினேன். மறுபடி 'டிங்'.

மூன்றாவதாக ஒரு பூங்கொத்து அனுப்பினேன். கைப்பை 'டிங்' என்றது. என் போனையும் அந்தக் கைப்பையையும் மாறி மாறிப் பார்த்தேன். அவள் நிதானமாகப் போய்ப் பையிலிருந்து நான் பார்த்தேயிராத ஒரு போனை எடுத்தாள். படித்தாள்.

"பூங்கொத்துக்கு நன்றிங்க," என்றாள்.

"நீ... அந்த ஸ்டிக்கர்..."

"உங்க வேலைப் பையில இருந்ததுதான். கட்டுக்கட்டா வச்சிருக்கீங்களே."

காலையிலிருந்து அறுபத்தோரு மெசேஜ். அதில் நாற்பத்து நாலு கேள்வி. அண்ணனிடம் போனை நீட்டினாள். மச்சான் படிக்கப் படிக்க என் ஏரியும் மீனும் கண்ணெதிரே வற்றிக்கொண்டு போயின.

மச்சான் தொண்டையைச் செருமினார். "இங்க பாரும்மா. கேக்கறது உன்னைன்னு தெரிஞ்சு கேட்டாத்தான் அது உன்னைக் கேட்டது. மாப்ள கம்பெனின்னு நினைச்சுக் கேட்டிருக்கார். இது செல்லாது."

"நானும் அதைச் சேர்த்துக்கலண்ணா," என்றாள் அவள் சட்டென்று. "ஜெயிக்கறதுக்காக ஒட்டலை. வீடு வெடிக்காம இருக்கணும், நீங்க பட்டினியாப் போகக் கூடாது. அதுக்குத்தான் ஒட்டினேன்."

நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்தபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் என் மனம் ஏற்கெனவே ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டிலுக்கு உறை பிரித்துக்கொண்டிருந்தது.

அவள் அப்போதுதான் தனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு சின்னத் துண்டு பிய்த்து வாயில் போட்டாள். மென்றாள்.

எல்லோரும் பாராட்டியாகிவிட்டது. அவள்தான் பாக்கி. நான் பார்த்தேன். அவள் கண்ணை மூடினாள். மெதுவாக மென்றாள். புருவத்தை லேசாக நெரித்தாள். விழுங்கினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். இன்னொரு துண்டை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சமைத்தவனுக்கு அதைவிடக் கொடுமை வேறு கிடையாது. ஊரே மெச்சினாலும் அவள் சொல்வதுதான் எனக்குக் கணக்கு. இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அது தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து விநாடி இருந்தேன்.

"ஏன், நல்லா இல்லையா?"

மச்சான் கையில் இருந்த எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் மனைவி ஒதுக்கி வைத்த துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"ரொம்ப நல்லா இருக்குங்க. பத்து நாளைக்கு உங்க சாப்பாட்டைப் பத்தி எனக்குக் கவலையே இல்ல."