ஜெப்சன் பட்ட கஷ்டம்

ஜெப்சன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். மணவாளக்குறிச்சி பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பிளஸ் டூ பிள்ளைகள் முன்னால் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் முதல் வரிசையில் கொட்டாவி.

பழைய மொபெட்டில் தெருத்தெருவாக மீன் விற்றவர், இன்று இறால் ஏற்றுமதிக் கம்பெனி முதலாளி. அந்தக் கதையைச் சொல்லத்தான் அழைத்திருந்தார்கள். மொபெட் கதை முடிந்துவிட்டது. ஒரு கண்கூடக் கலங்கவில்லை.

ரெஜிலா டீச்சர் பக்கத்தில் வந்து கிசுகிசுத்தார். "சார், போன வருஷம் வந்த நகைக்கடைக்காரர் பேசினப்போ பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுதுச்சு. கொஞ்சம் கஷ்டத்தைச் சொல்லுங்க."

ஜெப்சன் யோசித்தார். வெயிலில் மீன் விற்றது கஷ்டம் இல்லையா? சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் என்ன?

"மக்கா, பல நாள் நான் பட்டினியாட்டு பள்ளிக்கூடம் போயிருக்கேன்..."

விருந்தினர் நாற்காலியிலிருந்து அவருடைய அம்மா லூர்தம்மாள் விருட்டென்று எழுந்தாள். "ஏலே ஜெப்சா! நான் உன்னப் பட்டினி போட்டேனாலே? மூணு நேரமும் மீனும் சோறும் தின்னுட்டுல்லா வளந்த!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"அது... அம்மாவுக்கு வயசாயிட்டு. மறந்துட்டா."

"எனக்கா மறதி? மீன் தல எனக்குத்தான்னு மல்லுக்கு நின்னவன்லா நீ!"

சிரிப்பில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டீ குடிக்கலாம் வாங்க என்று நயமாகப் பேசி, டீச்சர் லூர்தம்மாளை வெளியே அழைத்துப் போனார்.

ஜெப்சனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இனிமேல் பட்டும் படாமலும் சொன்னால் எவனும் நம்பமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"மழ பெஞ்சா வீடு முழுக்க ஒழுகும் மக்கா. அங்கங்க சட்டிய வச்சிட்டு, நனையாத மூலையில இருந்து படிப்பேன். அம்மாவுக்கு ஐஸ்ல இறால் உரிச்சு உரிச்சு விரலெல்லாம் வெந்து போயிரும். சோறு பெசைய முடியாது. நான்தான் ஊட்டி விடணும்."

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் ஒரு பெண் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

ஜெப்சனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எழும்பு மக்கா. பேரென்ன?"

"அஜிதா, சார்."

"பயப்படாண்டாம். மனசுல பட்டத எல்லாரும் கேக்கும்படியா சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்:

"எங்க அம்மா உங்க கம்பெனியிலதான் சார் இறால் உரிக்கா. எங்க வீட்டுக் கதைய உங்ககிட்ட யாரு சொன்னா?"